ஐந்தாவது ஓட்டு

ஒருத்தியின் எடை நாற்பத்தெட்டுக் கிலோ. இன்னொருத்தி ஐம்பத்தேழு. ஒருத்தி சண்டை போடும் மேடையில் இன்னொருத்தி ஏறமாட்டாள். இருந்தாலும் இரண்டு பேரில் யார் பெரிய கெட்டிக்காரி என்று யாராவது சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே எடை இருந்தால் யார் யாரை அடிப்பாள் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு கற்பனை செய்து, ஒன்று இரண்டு மூன்று என்று வரிசை போடுவதற்கு ‘எடைக்கு எடை’ என்று பெயர். யோசித்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். எலுமிச்சம்பழம் பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்தால் எப்படிப் புளிக்கும் என்று கேட்பது மாதிரி. ஆனால் ஒரு விளையாட்டு வார இதழ் வருஷத்துக்கு ஒரு முறை பெண் குத்துச்சண்டைக்காரிகளின் வரிசையை அச்சடித்து வெளியிட்டதும், சண்டை ஏற்பாடு செய்கிறவர்கள் அத்தனை பேரும் முதல் பெயரைத்தான் தேடுவார்கள். இரண்டாவது பெயருக்கு ஒரு கைதட்டல், அத்தோடு சரி.

வரிசை போடுவது ஐந்து பேர் கொண்ட குழு: ஆசிரியர், வானொலி வர்ணனையாளர், ஓய்வுபெற்ற நடுவர், ஒரு டாக்டரம்மா; ஐந்தாவது ஒருத்தி, அந்த இதழின் குத்துச்சண்டை நிருபர். அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பேர். வேண்டியவன் தோற்றால் தோற்றான் என்றே எழுதுவாள். வேண்டாதவன் ஜெயித்தால் பல்லைக் கடித்துக்கொண்டாவது பாராட்டிவிடுவாள். அப்படி வந்த பேர். வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அந்தப் பேரில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன கர்வம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பிற்பாடு அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுடைய கூடப்பிறந்த தங்கைதான் நாற்பத்தெட்டுக் கிலோ. பதினொரு வயது இளையவள். ஆள் பார்க்க ஒரு பிடிதான் இருப்பாள், கிட்டே போனால் எங்கே கடித்தாள் என்றே தெரியாது. அதனால் கட்டெறும்பு. அதுவரை ஒரு சண்டைகூடத் தோற்றதில்லை.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு வேண்டப்பட்டவள் பெயர் பேச்சில் வந்தால், அவர் எழுந்துபோய் எல்லாருக்கும் டீ போட வேண்டும். அவர் காதில் எதுவும் விழக் கூடாது, அவருக்கு ஓட்டும் கிடையாது. ஓய்வுபெற்ற நடுவருக்கு ஊரெல்லாம் வேண்டப்பட்டவர்கள். ஒரு வருஷம் அவர் மட்டும் மூன்று சுற்று டீ போட்டார், மூன்றாவது சுற்றில் சர்க்கரையே இல்லை. தராசு போடும் டீ நன்றாக இருப்பதால்தான் கட்டெறும்பின் பெயரையே எடுக்கிறோம் என்று அவர் கிண்டலடிப்பார்.

அந்த வருஷமும் தங்கையின் பெயர் வந்ததும் தராசு எழுந்து சமையலறைக்குப் போனாள். பால் பொங்கி வரும் நேரத்தில் ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

“அடுப்பை அணைச்சிட்டு வாங்க தராசு. ரெண்டுக்கு ரெண்டு நிக்குது.”

“நிக்கட்டும் சார். நான் டீ போட வந்தவ.”

“எத்தனை நேரம் நிக்கறது? நானும் வர்ணனையாளரும் ‘கதவு’ பக்கம். நடுவரும் டாக்டரம்மாவும் உங்க தங்கச்சி பக்கம். ஒருத்தரும் இறங்கி வரமாட்டேங்கறாங்க. இன்னிக்கு அச்சுக்குப் போயாகணும். லிஃப்ட்காரரைக் கூப்பிட்டா கேக்க முடியும்?”

கதவு என்பது ஐம்பத்தேழு கிலோக்காரி. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் சார்த்திக்கொண்டு நின்றால் எவளாலும் திறக்க முடியாது என்று அந்தப் பேர். தராசு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். வானொலியில் வர்ணனை செய்கிறவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

“இதுல கேக்க என்ன இருக்கு? கூடப் பொறந்தவளை யாராவது விட்டுக்குடுப்பாங்களா? முடிவு தெரிஞ்சதுதான். டீயைக் குடிச்சிட்டுக் கிளம்புவோம்.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் தராசுக்குச் சுருக்கென்றது. யார் முதலில் என்று அவளுக்குச் சந்தேகமே கிடையாது. இரண்டு பேருடைய சண்டைகளையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவள் அவள். தங்கையின் கால் வேலை கதவுக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. ஒரே எடை என்று வைத்துக்கொண்டால் கட்டெறும்புதான் முதல், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அதை இப்போது இந்த வாயால் சொன்னால்? ஊர் சிரிக்கும். இத்தனை வருஷம் சேர்த்த பேர் ஒரே நாளில் காற்றில் போகும். அவள் மனசு ஒன்று நினைக்க, வாய் வேறொன்று சொல்லிவிட்டது.

“கதவுதான் முதல்ல.”

நடுவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். “ஏம்மா, நெஜமாத்தான் சொல்றியா?”

“ஆமா சார். இவ தன் எடையில மட்டும்தானே ஜெயிச்சிருக்கா? தன்னைவிடப் பெரியவளை ஒரு தடவை அடிச்சுக் காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்.”

சொல்லும்போது அவள் குரல் எவ்வளவு நிதானமாக இருந்தது! ஆசிரியருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. ‘குழுவின் கருத்து’ என்று மேலே போட்டு, கொட்டை எழுத்தில் கட்டெறும்பின் படத்துக்குக் கீழே அச்சடித்துவிட்டார்.

இதழ் வந்த அன்று சாயங்காலம் கட்டெறும்பு பயிற்சி முடிந்து நேரே வீட்டுக்கு வந்தாள். வேர்வை காயவில்லை, காலணிகூடக் கழற்றவில்லை. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தராசு பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை நின்றபடியே அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள்.

“யாருடி அவன்?” என்றாள் அம்மா. “அவனையே ஒரு ரவுண்டு மேடை ஏறச் சொல்லு. பேனாவைப் பிடிச்சா வாய்க்கு வந்ததை எழுதிடறதா?”

“நாலு பேரும் சேர்ந்துதாம்மா எழுதியிருக்காங்க. கையில கிளவுஸ் மாட்டி ஒரு குத்து வாங்கியிருப்பாங்களா இவங்க?” கட்டெறும்பு இதழைச் சோபாவில் வீசினாள். பிறகு அக்காவைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. “நீ இருந்திருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்ப. பாவம், டீ போட்டுட்டு இருந்திருப்ப, இல்லக்கா?”

மடித்த சட்டையைத் தராசு மறுபடி உதறி மடித்தாள்.

“ஆமா,” என்றாள்.

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பதில் உண்மையைச் சொல்லியிருந்தால், திட்டு வாங்கியிருப்பாள், நான்கு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கும், ஐந்தாம் நாள் சரியாகப் போயிருக்கும். அக்கா தங்கைக்குள் நடக்காததா? ஆனால் சொல்லிவிட்டாள்.

“பெரியவளை அடிச்சுக் காட்டணுமாம்ல? காட்டிட்டாப் போச்சு,” என்று கட்டெறும்பு குளிக்கப் போனாள்.

சும்மா வாய்ச்சவடால் என்றுதான் தராசு நினைத்தாள். ஆனால் கதவின் ஆட்களுக்குத் தகவல் போனது, அவர்களும் வந்தவரை லாபம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஐம்பத்தேழில் மேடை ஏற வேண்டுமானால் உடம்பில் அதற்கான எடை இருந்தாக வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் ஒரு கூத்து ஆரம்பமானது. பருவம் வந்த நாளிலிருந்து அரை வயிறு சாப்பிட்டவள், எடை பார்க்கும் நாளில் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பியவள், இப்போது விடிந்ததும் முட்டை, நடுவில் வாழைப்பழம், மத்தியானம் மலை போல் சோறு, தூங்கப் போகுமுன் பால் என்று தின்றுகொண்டே இருந்தாள். முதல் வாரம் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “இப்பத்தான்டி எம்பொண்ணு மாதிரி இருக்க,” என்று கன்னத்தைக் கிள்ளினாள். அப்புறம் கட்டெறும்பு தட்டின் முன்னால் கண்ணில் தண்ணீரோடு உட்கார ஆரம்பித்தாள்.

“முட்டையைப் பாத்தாலே குமட்டுதுக்கா.”

“அப்ப விட்டுடேன். யாரு உன்னைக் கட்டாயப்படுத்தறா?”

“அந்த நாலு பேரு.”

எடை ஏறியது. ஆனால் ஏறியதெல்லாம் காலில் போய் உட்கார்ந்துகொண்டது. தராசு ஒரு நாள் பயிற்சிக் கூடத்துக்குப் போய்ப் பார்த்தாள். சரக்கென்று விலகுகிறவள் இப்போது ஒரு நொடி தாமதித்து விலகினாள். பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நீயாவது சொல்லும்மா. நான் சொன்னா ‘உங்களுக்கு வயசாயிடுச்சு மாஸ்டர்’ங்கறா.”

தராசும் சொல்லத்தான் செய்தாள். கெஞ்சினாள், மிரட்டினாள், அம்மாவைத் தூண்டிவிட்டு அழக்கூட வைத்தாள். எதைச் சொன்னாலும் தங்கையிடமிருந்து ஒரே கேள்விதான் வந்தது. “அவங்க எழுதினதை நீயும் நம்பறியாக்கா?” அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. எழுதியது அவர்கள் இல்லை, நான். அதுவும் நம்பாமலே சொன்னேன். அதைச் சொன்னால் இந்தச் சண்டைக்கே காரணம் இல்லாமல் போகும். தினமும் சொல்லிவிடத்தான் நினைப்பாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தங்கையின் வீங்கிய விரல்களுக்குத் தைலம் தேய்க்கும்போது, நாக்கு நுனிவரை வரும். அப்பா போன பிறகு தங்கை முழுசாக நம்பியது இந்த அக்காவைத்தான். அந்த நம்பிக்கை போய்விட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்ததுமே வார்த்தை உள்ளே போய்விடும். கோழை. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்விளையாட்டரங்கத்தில் உடை மாற்ற ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். ஒரு பெஞ்சு, சிமிட்டும் டியூப்லைட், தண்ணீர் வராத குழாய். கட்டெறும்பு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, அதன் முதுகின் மேல் கையை நீட்டியிருந்தாள். மாஸ்டர் விரல் இடுக்குகளில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், ஒண்ணு சொல்றேன். துண்டு வீசறதா இருந்தா அக்காவைக் கேட்டுட்டு வீசுங்க.”

துண்டு வீசுவது என்றால் இனிமேல் இவள் சண்டை போடமாட்டாள், தோல்வியை ஒப்புக்கொள்கிறோம் என்று அர்த்தம். மூலையில் நிற்கும் மாஸ்டர்தான் அதை முடிவு செய்வது வழக்கம்.

“அது என் வேலைம்மா,” என்றார் அவர்.

“நீங்க பயந்தாங்கொள்ளி. எனக்கு மூக்குல ரத்தம் வந்தாலே வீசிடுவீங்க. அவ அப்படி இல்ல. எம்மேல பாசம் இருந்தாலும் இல்லாததைச் சொல்லமாட்டா. தராசு ஆச்சே!” என்று தங்கை அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

மாஸ்டர் அதிகாரியைக் கூட்டிவர வெளியே போனார். கைக்கட்டைப் பார்த்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளவுஸ் மாட்ட முடியும். அறைக் கதவு சாத்தியதும் தராசால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அந்த ஓட்டுப் போட்டது நான்தான்.”

“எந்த ஓட்டு?”

“ரெண்டுக்கு ரெண்டு நின்னுது. டீ போட்டுட்டு இருந்தவளைக் கூப்பிட்டாங்க. நான்தான் கதவுன்னு சொன்னேன்.”

கட்டெறும்பு சுற்றிய கையை மெல்ல மடக்கிப் பிரித்தாள். “அந்த வரி?”

“அதுவும் நான் சொன்னதுதான்.”

“நெஜமாவே நான் ரெண்டாவதுன்னு நினைச்சியா?”

“இல்லடி. நீதான் முதல்ல. அன்னிக்கும் எனக்குத் தெரியும். தங்கச்சிங்கறதால தூக்கிவிட்டான்னு நாலு பேர் பேசுவாங்களேன்னு...”

“தெரிஞ்சே சொல்லியிருக்க.”

வெளியே கூட்டம் யாருக்கோ விசிலடித்தது.

“தெரியாம சொல்லியிருந்தா, போ, உனக்குப் பார்வை அவ்வளவுதான்னு விட்டிருப்பேன்,” என்றாள் கட்டெறும்பு. “நாலு மாசமா தின்னுட்டே இருக்கேன். வாந்தி எடுத்தா நீதான் முதுகைத் தடவிவிட்ட. அப்பவாவது சொல்லணும்னு தோணலியா உனக்கு?”

“தப்புதான்டி. கால்ல வேணாலும் விழறேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வயித்துவலின்னு சொல்லிடலாம், நான் மாஸ்டர்கிட்ட பேசறேன்...”

“இன்னொரு பொய்யா?”

அதற்குள் மாஸ்டர் அதிகாரியோடு வந்துவிட்டார். கட்டெறும்பு கையை நீட்டிக் காட்டினாள், கிளவுஸ் மாட்டிக்கொண்டாள், எழுந்து இரண்டு முறை குதித்துப் பார்த்தாள். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் துண்டைப் பற்றி மாஸ்டரிடம் எதையும் மாற்றிச் சொல்லவும் இல்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று தராசுக்கு விளங்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் மேஜைக்குப் போகாமல் மூலைக்குக் கீழே போய் நின்றாள்.

மணி அடித்தது. அடேயப்பா, அந்த முதல் மூன்று ரவுண்டு! எந்தக் கதவை யாரும் திறந்ததில்லையோ அதைக் கட்டெறும்பு திறந்துகொண்டு போனாள். விலாவில் இரண்டு குத்து விடுவாள். கதவின் முழங்கை கீழே இறங்கும். இறங்கியதும் முகத்தில் ஒன்று. கூட்டம் எழுந்து நின்றது. கோபம் அவ்வளவையும் கையில் இறக்கியிருந்தாள். அந்தக் கோபம் யார் மேல் என்று தெரிந்த ஒரே ஆள் கீழே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது ரவுண்டில் கதவு அடிப்பதை விட்டுவிட்டுச் சாய ஆரம்பித்தாள். கட்டிப் பிடித்து, தன் முன்கையைக் கட்டெறும்பின் பிடரியில் வைத்து, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டாள். பெரிய எடைக்காரிகளின் வேலை இதுதான். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், கீழே இருக்கிறவளுக்கு இடுப்பு விட்டுப்போகும். தின்று ஏற்றிய சதை வேறு அவள் காலையே பிடித்து இழுத்தது. ஆறாவது ரவுண்டில் ஒரு குத்து இடது கண்ணுக்கு மேல் விழுந்து, அந்த இடம் புசுபுசுவென்று வீங்கியது. இடைவேளையில் மாஸ்டர் ஐஸ் வைத்துக்கொண்டே கீழே பார்த்தார். துண்டு வேண்டாம், போகட்டும் என்று தராசு தலையாட்டினாள். இன்னொரு தரம் தங்கையைக் கீழே இறக்க அவளுக்கு மனசு வரவில்லை.

எட்டாவது முடிந்து வந்து உட்கார்ந்தபோது இடது கண் முழுக்க மூடியிருந்தது. அந்த ரவுண்டில் இடப்பக்கத்திலிருந்து வந்த எந்தக் குத்துக்கும் அவள் விலகவில்லை. விலக முடியாமல் இல்லை; வருவதே தெரியவில்லை. இன்னும் இரண்டு ரவுண்டு இருந்தது.

மாஸ்டர் தராசை நோக்கிக் குனிந்தார். “என்னம்மா சொல்ற?”

கட்டெறும்பும் அக்காவைப் பார்த்தாள், இருந்த ஒரு கண்ணால். வாயில் பல்காப்பு. மெல்ல, தெளிவாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். வேண்டாம். ஐயோ, என்ன செய்வேன் என்று தராசு வாய்விட்டே சொல்லிவிட்டாள். இப்போது நிறுத்தினால் இவள் என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். நிறுத்தாமல் விட்டு, அந்தக் கண் போய்விட்டால்? மன்னிப்புக்காக ஒரு கண்ணைப் பணயம் வைப்பதா? மணி அடிக்கப் போகிறது என்று நேரம் பார்க்கிறவர் கையைத் தூக்கினார்.

“வீசுங்க மாஸ்டர்,” என்றாள் தராசு.

வெள்ளைத் துண்டு மேடையில் விழுந்தது. கூட்டம் கூச்சல் போட்டது. கட்டெறும்பு யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை, துண்டைக் காலால் உதைக்கவுமில்லை. கதவின் கையை மேடை நடுவர் தூக்கும்போது பக்கத்தில் ஒழுங்காக நின்றாள். கதவு அவளைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள்.

உடை மாற்றும் அறைக்குப் போகும் நடையில் வர்ணனையாளர் மூச்சிரைக்க ஓடிவந்து தராசை நிறுத்தினார். அவர் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை.

“மார்க்கைப் பாத்தீங்களா? மார்க் போடற மூணு பேர் சீட்டுலயும் உங்க தங்கச்சிதான் முன்னாடி, கதவு சாஞ்சுட்டே இருந்ததுக்கு யாரும் மார்க் குடுக்கல. கீழே விழாம அந்த ரெண்டு ரவுண்டையும் ஓட்டியிருந்தாலே போதும், ஜெயிச்சிருப்பா. யாருங்க துண்டு வீசச் சொன்னது?”

அவள் அவரை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அரங்கத்து டாக்டர் சிறு விளக்கை வைத்து இமையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், இப்போதைக்குப் பார்வை இருக்கிறது என்றார். தராசு அவரைக் வாசலோரம் மடக்கினாள்.

“இன்னும் ரெண்டு ரவுண்டு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் டாக்டர்?”

“ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம். கண்ணே போயிருக்கவும் கூடும். எப்படிம்மா சொல்ல முடியும்?” என்று பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார்.

கட்டெறும்பு பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். மாஸ்டர் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தராசு ஐஸ் பையை எடுத்துத் துணியில் சுற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய கண்ணின் மேல் பதமாக வைத்தாள். தங்கை விலகவில்லை.

“கண்ணைப் பாத்துட்டு நிறுத்தினியா? இல்ல, நான் ஜெயிக்கமாட்டேன்னு நிறுத்தினியா?”

“கண்ணைப் பாத்துட்டுத்தான்டி. சத்தியமா.”

சத்தியமான பேச்சுத்தான். அதைத் தங்கை நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் அப்படி வீங்கிக் கிடந்தது.

“நான் இதுவரைக்கும் ரெண்டு தடவைதான் தோத்திருக்கேன்,” என்றாள் கட்டெறும்பு. குரலில் கோபம்கூட இல்லை. “ரெண்டு தடவையும் உன்கிட்டதான்க்கா.”

அக்காவின் கையிலிருந்து ஐஸ் பையை வாங்கி, மாஸ்டரிடம் நீட்டினாள். “நீங்க பிடிங்க மாஸ்டர்,” என்றாள்.